டோக்கன் உங்க கையில... செருப்பு யார்கிட்ட? கிரிப்டோ வாலட் ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு கைடு!

ஆப்பைத் திறந்தா காயின் இருக்கு. எண்ணிக்கையும் குறையலை. ஆனா விற்கவும் முடியலை, வெளியே எடுக்கவும் முடியலை. வாஸிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்ச்ல கணக்கு வெச்சிருந்தவங்களுக்கு 2024 ஜூலை 18-க்குப் பிறகு இதுதான் நிலைமை. அன்னிக்கு அந்த எக்ஸ்சேஞ்சோட வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்களை ஹேக்கர்கள் அள்ளிட்டுப் போனாங்க. நம்ம காசுக்கு கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய். அங்கே மறுபடியும் வாங்க, விற்க முடிஞ்சது 2025 அக்டோபர்லதான்.

அதே அக்டோபர்ல சென்னை உயர் நீதிமன்றத்துல இருந்து ஒரு உத்தரவு வந்துச்சு. சுமார் 2 லட்சம் ரூபாய் போட்டு 3,500-க்கும் மேற்பட்ட எக்ஸ்.ஆர்.பி காயின்களை வாங்கி, அதை எடுக்க முடியாம நின்ன ஒரு முதலீட்டாளர் போட்ட வழக்கு அது. திருடு போனது எதீரியம் சார்ந்த டோக்கன்கள். இவர் வெச்சிருந்தது வேற காயின். ஆனாலும் 'நஷ்டத்தை எல்லாரும் பகிர்ந்துக்கணும்'னு எக்ஸ்சேஞ்ச் தரப்பு சொன்னது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதை ஏத்துக்கலை. கிரிப்டோ என்பது ஒருவர் உடைமையாக வைத்திருக்கக்கூடிய சொத்துதான், அதை இன்னொருவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கவும் முடியும்னு சொல்லி, அவருக்குப் பாதுகாப்பா இடைக்கால உத்தரவு போட்டார்.

நல்ல தீர்ப்புதான். ஆனா 2 லட்ச ரூபாய் முதலீட்டுக்காக ஹைகோர்ட் படி ஏற எத்தனை பேரால முடியும்? அதனால கிரிப்டோ வாங்கலாமா வேணாமா, விலை ஏறுமா இறங்குமாங்கிற பேச்சை இங்கே விட்டுடுவோம். வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்ட ஒருத்தர், முதல் 1,000 ரூபாய் போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியதை மட்டும் பார்ப்போம்.

எக்ஸ்சேஞ்ச் வேற, வாலட் வேற

கோயில் வாசல்ல செருப்பை விட்டா ஒரு டோக்கன் கொடுப்பாங்க இல்லையா... எக்ஸ்சேஞ்ச் ஆப்ல நீங்க பார்க்கிற பேலன்ஸ் அந்த டோக்கன் மாதிரி. செருப்பு ஸ்டாண்டுக்காரர்கிட்ட இருக்கு. கேட்டா எடுத்துக் கொடுப்பார், பெரும்பாலான நாள்ல. அவர் கடையில திருட்டு நடந்தாலோ, அவரே கடையைப் பூட்டிட்டுப் போனாலோ, உங்க கையில மிஞ்சுறது டோக்கன் மட்டும்தான்.

டெக்னிக்கலா சொன்னா, ஒரு காயினை நகர்த்தும் அதிகாரம் 'பிரைவேட் கீ' என்கிற ரகசிய எண்ணிடம் இருக்கு. எக்ஸ்சேஞ்ச்ல அந்தக் கீயை வெச்சிருக்கிறது கம்பெனி. மெட்டாமாஸ்க், டிரஸ்ட் வாலட் மாதிரியான ஆப்களை நீங்களே செட்டப் பண்ணினா, கீ உங்க போன்ல இருக்கும். பொறுப்பும் மொத்தமா உங்க தலையில வந்து விழும். பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு போன் பண்ண கஸ்டமர் கேர் கிடையாது.

ரெண்டுலயும் ஆபத்து இருக்கு. முதல் வகை ஆபத்துக்கு உலகம் முழுக்க உதாரணம் உண்டு. டோக்கியோவில் இருந்த மவுண்ட் காக்ஸ் 2014-ல் மூழ்கினப்போ சுமார் 8.5 லட்சம் பிட்காயின் காணாமப் போச்சுன்னு சொன்னாங்க. கனடாவின் குவாட்ரிகா கதை இன்னும் விநோதம். அதன் நிறுவனர் 2018 டிசம்பர்ல நம்ம ஜெய்ப்பூர்ல இறந்துட்டார். 'பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும், அதனால காசை எடுக்க முடியலை'ன்னு கம்பெனி சொன்னது. 2020-ல் ஒன்டாரியோவின் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு விசாரிச்சு, வாடிக்கையாளர் பணத்தை அவர் முன்னாடியே காலி பண்ணியிருந்தார், அது மோசடிதான்னு அறிக்கை கொடுத்தது. 2022 நவம்பர்ல எஃப்.டி.எக்ஸ் திவாலானது. அதுவரைக்கும் அது உலகத்தின் டாப் எக்ஸ்சேஞ்ச்கள்ல ஒண்ணு!

இந்தியாவுல பேங்க் மூழ்கினா 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் இன்ஷூரன்ஸ் உண்டு. கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கு அது கிடையாது.

அப்போ என்ன பண்றது? என்னைக் கேட்டா, கத்துக்கிறதுக்காக 5,000, 10,000 போடுறவங்க அதை எக்ஸ்சேஞ்சிலேயே வெச்சிருக்கலாம். தொலைஞ்சா ரெண்டு மாசச் சம்பளம் போன மாதிரி வலிக்கும்னு தோணுற அளவுக்கு வளர்ந்துட்டா, தனி வாலட்டுக்கு மாத்துறதைப் பத்தி யோசிக்கணும். அதுக்கும் மேல போனா ஹார்டுவேர் வாலட். பென்டிரைவ் சைஸ்ல இருக்கும், கீயை இன்டர்நெட் படாம வெச்சிருக்கும். லெட்ஜர், ட்ரெஸர் எல்லாம் அந்த வகை. அதை செகண்ட் ஹேண்டா மட்டும் வாங்கிடாதீங்க. பாக்ஸுக்குள்ள ரகசிய வார்த்தைகளை ஏற்கெனவே எழுதி வெச்சு வந்தா, அது அனுப்பினவரோட வாலட். நீங்க போடுற காசு அவருக்குப் போகும்.

இடையில ஒண்ணு: ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர்ல சோதனை முயற்சியா கொண்டுவந்த 'டிஜிட்டல் ரூபாய்' இந்தக் கதையில சேராது. அது ரூபாய்தான், வடிவம் மட்டும் வேற. 'ஆர்.பி.ஐ-யோட காயின், இப்போ வாங்கினா பத்து மடங்கு ஏறும்'னு யாராவது மெசேஜ் அனுப்பினா பிளாக் பண்ணிடுங்க. 100 டிஜிட்டல் ரூபாய் என்னிக்கும் 100 ரூபாய்தான்.

உள்ளே போற வழி இல்லை... வெளியே வர்ற வழியைப் பாருங்க

எக்ஸ்சேஞ்ச் தேர்வு பண்றப்போ எல்லாரும் பார்க்கிறது ஆஃபரையும் யூடியூபர் கொடுக்கிற ரெஃபரல் கோடையும்தான். நீங்க முதல்ல பார்க்க வேண்டியது, அது மத்திய நிதி அமைச்சகத்தின் கீழ் வரும் எஃப்.ஐ.யு அமைப்புல பதிவு பண்ணியிருக்கா என்பதை. 2023 மார்ச்ல இருந்து பணமோசடி தடுப்புச் சட்டம் கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்களுக்கும் பொருந்தும். பதிவு பண்ணாத 9 வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச்களுக்கு அந்த டிசம்பர்ல நோட்டீஸ் போச்சு, அடுத்த மாசமே அந்த ஆப்கள் இங்கே முடக்கப்பட்டன. பைனான்ஸ் உட்பட! அப்புறம் பைனான்ஸ் பதிவு பண்ணி, அபராதமும் கட்டித்தான் திரும்பி வந்துச்சு. பதிவு இருக்கிறதால ஹேக் ஆகாதுன்னு அர்த்தம் இல்லை. வாஸிர்எக்ஸும் பதிவான எக்ஸ்சேஞ்ச்தான். ஆனா பதிவு இல்லாத இடத்துல காசு மாட்டினா, கேட்கிறதுக்கு ஒரு முகவரிகூட இருக்காது.

அடுத்தது ஒரு சின்ன ஒத்திகை. 1,000 ரூபாய் போடுங்க, காயின் வாங்குங்க, உடனே விற்று பணத்தை உங்க பேங்க்குக்கே எடுத்துப் பாருங்க. எத்தனை நாள் ஆச்சு, 1,000-ல எவ்வளவு திரும்பி வந்துச்சுன்னு கணக்குப் பண்ணுங்க. 'கட்டணம் ஜீரோ'ன்னு விளம்பரம் பண்ற ஆப்ல, வாங்குற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியில அந்தக் கட்டணம் ஒளிஞ்சிருக்கும். கூடவே, வாங்கின காயினை வெளி வாலட்டுக்கு அனுப்ப விடுறாங்களான்னும் பாருங்க. சில ஆப்கள்ல வாங்கலாம், விற்கலாம், வெளியே அனுப்ப மட்டும் முடியாது. அங்கே நீங்க வாங்குறது காயினே இல்லை, காயினோட விலை மேல ஒரு டோக்கன்!

கணக்குக்கு இந்தப் பாதுகாப்பெல்லாம் போட்டுடுங்க: வேற எதுக்கும் பயன்படுத்தாத ஒரு மெயில் ஐடி, எஸ்.எம்.எஸ் ஓ.டி.பி-க்குப் பதிலா ஆதென்டிகேட்டர் ஆப், நீங்க அனுமதிச்ச முகவரிக்கு மட்டுமே காயின் வெளியே போற மாதிரி செட்டிங். எஸ்.எம்.எஸ் ஏன் வேணாம்னா, உங்க பேர்ல டூப்ளிகேட் சிம் வாங்கிட்டா ஓ.டி.பி திருடன் கைக்குப் போயிடும். ஆதென்டிகேட்டர் ஆப்போட பேக்கப் கோடை எழுதி வெக்காம போனை மாத்தினா, உங்க கணக்குக்கு வெளியே நீங்களே நிப்பீங்க.

பன்னிரண்டு வார்த்தை

தனி வாலட் தொடங்கினதும் 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகள் திரையில வரும். 'சீடு ஃப்ரேஸ்'னு பேரு. 2,048 வார்த்தைகள் கொண்ட ஒரு பொதுப் பட்டியல்ல இருந்து உங்களுக்காகப் பொறுக்கின வரிசை அது. போன் தொலைஞ்சாலும், உடைஞ்சாலும், இந்த வார்த்தைகளை அதே வரிசையில இன்னொரு போன்ல போட்டா மொத்த வாலட்டும் திரும்பி வந்துடும். யார் போட்டாலும் வரும். சிக்கலே அதுதான்.

நம்ம கை முதல்ல போறது ஸ்க்ரீன்ஷாட் எடுக்கத்தான். அதைப் பண்ணாதீங்க. ஸ்க்ரீன்ஷாட் தானா கிளவுடுக்குப் போகும். அதோட, 2025 பிப்ரவரியில காஸ்பர்ஸ்கை நிறுவனம் 'ஸ்பார்க்கேட்' என்கிற மால்வேரைக் கண்டுபிடிச்சது. கேலரியில இருக்கிற போட்டோக்களைப் படிச்சு, அதுல சீடு ஃப்ரேஸ் மாதிரி எழுத்து இருந்தா சுட்டுக்கிட்டுப் போறதுதான் அதோட வேலை. கூகுள் பிளே ஸ்டோர், ஆப்பிள் ஆப் ஸ்டோர் ரெண்டுலயும் இருந்த ஆப்களுக்குள்ளேயே அது ஒளிஞ்சிருந்தது. 'நான் பிளே ஸ்டோர்ல இருந்து மட்டும்தான் டவுன்லோடு பண்றேன்'ங்கிற நம்பிக்கையும் போச்சு!

பேப்பர்ல எழுதுங்க. ரெண்டு பிரதி, ரெண்டு இடம். பீரோவுல நகை, பத்திரம் வெக்கிற இடம் ஓகே. வாட்ஸ்அப்ல 'உனக்கு நீயே' மெசேஜ், மெயில் டிராஃப்ட், நோட்ஸ் ஆப் எதுவும் வேணாம். எழுதினது சரியான்னு தெரிஞ்சுக்க, காசு போடுறதுக்கு முன்னாடியே ஆப்பை அழிச்சுட்டு, அந்த வார்த்தைகளை வெச்சு வாலட்டை மீட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. காசு போட்ட பிறகு ஒரு எழுத்து தப்புன்னு தெரியவந்தா, அஞ்சு வருஷம் ஆனாலும் தீராது.

வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட்ல ஜேம்ஸ் ஹவல்ஸ் கதை தெரிஞ்சிருக்கும். 2013-ல் அவரோட ஹார்டு டிஸ்க் குப்பைக்குப் போச்சு. அதுல சுமார் 8,000 பிட்காயினுக்கான கீ இருந்தது. குப்பைமேட்டைத் தோண்ட விடுங்கன்னு வருஷக்கணக்கா நகராட்சியோட சண்டை போட்டார், கோர்ட்டும் 2025 ஜனவரியில அவர் வழக்கைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. பணம் எங்கே இருக்குன்னு உலகத்துக்கே தெரியும், தொட முடியாது. வீட்டுல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட, வார்த்தைகளைச் சொல்லாட்டியும் 'இப்படி ஒண்ணு இருக்கு, இந்த இடத்துல எழுதி வெச்சிருக்கேன்'னாவது சொல்லிவைங்க. அம்மா ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழிக்கிறப்போ, அந்தப் பேப்பரும் பழைய பேப்பர்காரருக்குப் போக வாய்ப்பிருக்கே!

எந்த எக்ஸ்சேஞ்சும், எந்த வாலட் கம்பெனியும் சீடு ஃப்ரேஸைக் கேட்காது. டெலிகிராம்ல 'சப்போர்ட் டீம்'னு வந்து கேட்கிறவங்க எல்லாருமே திருடங்கதான். விதிவிலக்கே இல்லை.

அனுப்புறதுக்கு முன்னாடி

ஜிபேல தப்பான நம்பருக்கு அனுப்பிட்டா பேங்க்ல புகார் கொடுத்துப் பார்க்கலாம். இங்கே அனுப்பினது அனுப்பினதுதான். அதனால பெரிய தொகைக்கு முன்னாடி சின்னதா ஒண்ணு அனுப்பி, போய்ச் சேர்ந்ததைப் பார்த்துட்டு மிச்சத்தை அனுப்புங்க. கொஞ்சம் கட்டணம் போகும், போகட்டும்.

புதுசா வர்றவங்க அதிகம் சறுக்குறது நெட்வொர்க் விஷயத்துல. டாலர் மதிப்புக்கு இணையா வெச்சிருக்கிற யு.எஸ்.டி.டி காயின் ஒண்ணுதான். ஆனா அது எதீரியம், டிரான்னு பல நெட்வொர்க்ல ஓடுது. அனுப்புற இடமும் வாங்குற இடமும் ஒரே நெட்வொர்க்கைத் தேர்வு பண்ணியிருக்கணும். எக்ஸ்.ஆர்.பி மாதிரி காயின்களை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புறப்போ முகவரியோட 'டேக்' எண்ணும் கேட்பாங்க. அதை விட்டுட்டா காயின் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும், ஆனா உங்க கணக்குல ஏறாது.

இன்னொண்ணு, அனுப்புற கட்டணத்தை அந்த நெட்வொர்க்கோட சொந்தக் காயின்லதான் கட்டணும். டிரான் நெட்வொர்க்ல யு.எஸ்.டி.டி வெச்சிருந்தா, அனுப்புறதுக்கு டி.ஆர்.எக்ஸ் வேணும். கையில 500 டாலர் இருக்கும், அனுப்ப கட்டணக் காயின் இருக்காது. இதை வெச்சே ஒரு மோசடி ஓடுது. யாரோ ஒரு அப்பாவி மாதிரி தன்னோட சீடு ஃப்ரேஸை கமென்ட்ல போட்டு, 'எடுக்கத் தெரியலை, உதவுங்க'ம்பார். உள்ளே போய்ப் பார்த்தா நிஜமாவே காயின் இருக்கும். எடுக்கலாம்னு நீங்க கட்டணத்துக்கான டி.ஆர்.எக்ஸை அனுப்பினதும், அது நொடியில வேற இடத்துக்குப் பறந்துடும். வலையில விழுறது, திருடப்போன திருடன்!

முகவரியை காப்பி பேஸ்ட் பண்ணினாலும் முழுசா ஒருதடவை ஒப்பிட்டுப் பாருங்க. முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் உங்க நண்பரோட முகவரி மாதிரியே இருக்கிற போலி முகவரியில இருந்து, ஒரு பைசா பெறாத தொகையை உங்களுக்கு அனுப்பிவைப்பாங்க. அடுத்த தடவை பழைய லிஸ்ட்ல இருந்து அந்த முகவரியை நீங்களே எடுத்துப் போட்டுடுவீங்கன்னு ஒரு கணக்கு.

பேங்க் கணக்கு ஏன் முடங்குது?

ஹேக், சீடு ஃப்ரேஸ் எல்லாத்தையும்விட நம்ம ஊர்ல சாதாரணமா நடக்கிறது இதுதான். யு.எஸ்.டி.டி-யை எக்ஸ்சேஞ்ச்கிட்ட விற்காம, 'பி டு பி' முறையில இன்னொரு ஆளுக்கு நேரடியா விற்பீங்க. மார்க்கெட் விலையைவிட காயினுக்கு நாலணா, எட்டணா கூடக் கிடைக்கும். பணம் யு.பி.ஐ-யில வந்துடும். ஒரு வாரம் கழிச்சு ஏ.டி.எம்-ல கார்டைப் போட்டா, கணக்கு முடக்கப்பட்டிருக்கும். பேங்க்ல கேட்டா, வேற ஏதோ மாநிலத்து சைபர் க்ரைம் போலீஸ் சொல்லி முடக்கினோம்பாங்க.

நடந்தது என்னன்னா... ஊர் பேர் தெரியாத யாரோ ஒருத்தரை 'பார்ட் டைம் ஜாப்', 'டிஜிட்டல் அரெஸ்ட்'னு ஏமாத்திப் பணம் பறிச்சிருப்பாங்க. அந்தப் பணத்தை மறைக்க, மோசடிக்காரன் அதை வெச்சு உங்ககிட்ட இருந்து காயின் வாங்கியிருப்பான். ஏமாந்தவர் 1930-க்கு போன் போட்டதும், பணம் போன பாதையை ஒவ்வொரு கணக்கா பிடிச்சுக்கிட்டே வருவாங்க. அந்தப் பாதையில உங்க கணக்கும் ஒரு ஸ்டாப். உங்களுக்கு அவனைத் தெரியாது. ஆனா நிரூபிக்க வேண்டிய வேலை உங்களோடது. சம்பளக் கணக்கா இருந்தா இ.எம்.ஐ, வாடகை எல்லாம் நின்னுடும்.

அதனால முடிஞ்சவரை எக்ஸ்சேஞ்ச்லயே விற்று, அவங்க கணக்குல இருந்து பணத்தை வாங்குறது நல்லது. எட்டணா குறையும், பரவாயில்லை. பி டு பி-தான்னு முடிவு பண்ணினா, பணம் அனுப்புற பேங்க் கணக்குல இருக்கிற பேரும் ஆப்ல இருக்கிற கே.ஒய்.சி பேரும் ஒண்ணா இருக்கணும். 'அண்ணன் கணக்குல இருந்து அனுப்பறேன் ப்ரோ'ன்னா ஆர்டரை கேன்சல் பண்ணிடுங்க. சம்பளக் கணக்கை இதுக்குப் பயன்படுத்தாதீங்க. ஆர்டர் நம்பர், சாட், யு.பி.ஐ ரெஃபரன்ஸ் எல்லாத்தையும் சேமிச்சு வைங்க. கணக்கு முடங்கினா, எந்த ஸ்டேஷன், புகார் எண் என்ன, எவ்வளவு தொகைக்குன்னு பேங்க்ல எழுத்துல கேட்டு வாங்கிட்டு, இந்த ஆதாரங்களோட அந்த ஸ்டேஷனுக்கு எழுதணும்.

'உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தர்றேன்'னு கேட்டா, அங்கே நீங்க அப்பாவின்னு சொல்லவே முடியாது. அது நேரா குற்ற வழக்கு. காலேஜ் பசங்க இதுல மாட்டிக்கிட்டு இருக்காங்க.

வரி: லாபத்துல பங்கு உண்டு, நஷ்டத்துல இல்லை

2022 ஏப்ரல்ல இருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, அதுமேல 4% செஸ். உங்க வருமானம் வரி வரம்புக்குள்ள இருந்தாலும் இந்த 30% உண்டு. ஒரு காயின்ல 10,000 லாபம், இன்னொண்ணுல 10,000 நஷ்டம்னு வைங்க. உங்களைப் பொறுத்தவரை கணக்கு நேராகிடுச்சு. வரித் துறைக்கு அப்படி இல்லை. லாபத்துக்கு 3,120 ரூபாய் கட்டணும். நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது, அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தையும் செலவா காட்ட முடியாது, வாங்கின விலையை மட்டும்தான் கழிக்கலாம்.

விற்கிறப்போ மொத்தத் தொகையில 1% டி.டி.எஸ் தனியா பிடிப்பாங்க. லாபமா நஷ்டமான்னு பார்க்க மாட்டாங்க. ரிட்டர்ன் தாக்கல் பண்ணினா அது உங்க வரியில கழியும், மிச்சம் இருந்தா ரீஃபண்ட் வரும். பண்ணலைன்னா போனதுதான். ரூபாயா மாத்தாம ஒரு காயினை இன்னொரு காயினா மாத்தினாலும் அது விற்பனைதான். ஒரு நாளைக்குப் பத்து தடவை வாங்கி விற்கிறவங்க, ஒவ்வொரு விற்பனைக்கும் 1% போகுதுன்னு மனசுல வெச்சுக்கணும்.

மூணு மாசத்துக்கு ஒருதடவை உங்க டிரேடு ஹிஸ்டரியை டவுன்லோடு பண்ணி மெயில்ல போட்டு வைங்க. ஆப் முடங்கினா, எவ்வளவுக்கு வாங்கினீங்கங்கிறதுக்கு ஆதாரம் அது மட்டும்தான்.

இந்த வரி பத்தின அரைகுறை அறிவைத்தான் போலி ஆப்காரங்க காசாக்குறாங்க. டெலிகிராம் குரூப்ல சேர்த்து, அவங்களே செஞ்ச ஒரு ஆப்ல காசு போடவெச்சு, லாபம் லட்சக்கணக்குல ஏறுற மாதிரி காட்டுவாங்க. முதல்ல 2,000, 3,000 எடுக்கவும் விடுவாங்க. பெரிய தொகையை எடுக்கப் போறப்போ 'முதல்ல 30% வரியைக் கட்டுங்க, அப்புறம்தான் ரிலீஸ் ஆகும்'னு வரும். வருமான வரியை ஆப்காரனுக்கோ அவன் சொல்ற யு.பி.ஐ-க்கோ யாரும் கட்டுறதில்லை, நேரா அரசாங்கத்துக்குத்தான் கட்டுவோம். அந்த மெசேஜ் வந்துட்டா, போட்டது போச்சு, இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க.

உடனே 1930-க்கு போன் பண்ணுங்க, தேசிய சைபர் க்ரைம் இணையதளத்துலயும் புகாரைப் பதிவு பண்ணுங்க. ரூபாய் பேங்க்ல இருந்து பேங்க்குக்கு மட்டும் போயிருக்கிற முதல் சில மணி நேரத்துல நிறுத்த வாய்ப்பு அதிகம். அது காயினா மாறிட்டா கஷ்டம். அவமானமா இருக்குன்னு ரெண்டு நாள் யோசிச்சுட்டுப் புகார் கொடுக்கிறவங்கதான் அதிகம் இழக்குறாங்க. போன் பண்றப்போ கையில இருக்க வேண்டியது: யு.பி.ஐ ரெஃபரன்ஸ் நம்பர், பணம் போன நேரம், காயின் அனுப்பியிருந்தா அந்த வாலட் முகவரி, கூடவே 'டிரான்சாக்‌ஷன் ஹேஷ்' என்கிற நீள எண். ஆப்ல அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டா, கீழேயே இருக்கும்.